கொறங்காட்டில் கனரக வண்டித் தடம்

ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் லாரி ஒரு நாள் கொறங்காட்டுக்குள் வந்து போகிறது. தண்ணீர் கிடைத்ததா, எத்தனை அடியில் கிடைத்தது என்பதே எல்லாருடைய பேச்சும். லாரி உருண்ட இடத்தை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அடுத்த ஆடிக் காற்றிலும் ஐப்பசி மழையிலும் முதலில் மண்ணை இழப்பது அந்த இடம்தான்.

காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர் பகுதிகளில் மாடும் ஆடும் பிழைப்பது கொறங்காட்டை நம்பி. சுற்றிலும் கிளுவை வேலி, இடையிடையே வெள்வேல், தரையில் கொழுக்கட்டைப் புல் என்பது அதன் அமைப்பு. மழை ஆண்டுக்கு 600 முதல் 700 மில்லிமீட்டர் அளவே. மேல்மண்ணோ ஆழமில்லாத செம்மண். கீழே சரளையும் சுக்கானும். இம்மண்ணைப் பிடித்து வைத்திருப்பது புல்லின் தூரும் மேலே படிந்த பொடிக்கல்லும்தான். கனமான சக்கரம் இரண்டையும் ஒரே நேரத்தில் குலைத்துவிடுகிறது.

மண் துகள்களுக்கு நடுவே காற்றும் நீரும் புகும் இடைவெளிகள் உண்டு. பாரம் ஏறும்போது அவை நசுங்குகின்றன. மேல்மண் எவ்வளவு இறுகும் என்பதை டயரின் காற்றழுத்தம் பெரிதும் தீர்மானிக்கிறது. அடிமண் இறுகுவது ஓர் அச்சின் மேல் உள்ள மொத்தப் பாரத்தைப் பொறுத்தது. அகலமான டயர் போட்டிருக்கிறது, கெடுதல் இல்லை என்று வண்டிக்காரர் சொல்வது ஆகவே பாதி உண்மையே. ஓர் அச்சில் பத்து டன் ஏறினால் ஈரமண்ணில் ஒன்றரை அடி ஆழம் வரை அழுத்தம் எட்டக்கூடும். அந்த ஆழத்தில் இறுகியது சாதாரணக் கலப்பைக்கு எட்டாது.

கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்று. வரக்கூடிய இறுக்கத்தில் பாதிக்கு மேல் முதல் தடவை சக்கரம் ஏறும்போதே வந்துவிடுகிறது. அதே தடத்தில் பிறகு பத்து முறை போனாலும் கூடுதல் கேடு குறைவு. கணக்குப் பார்த்தால் இது விளங்கும். ஒன்றரை அடி அகலச் சக்கரத் தடம் இரண்டு, 300 மீட்டர் தூரம் போனால் ஏறக்குறைய ஏழு சென்ட் நிலம் நசுங்கும். பத்து நடையும் பத்து வழியாகப் போனால் எழுபது சென்ட் போயிற்று. ஒரே வழியாகப் போனால் ஏழு சென்ட்டோடு நிற்கும்.

நம் முன்னோர் இட்டேரி விட்டது இதற்கும் உதவியது. இரு வேலிக்கு நடுவே வண்டிக்கென்று ஒரு தடம். சக்கரம் அதைத் தாண்டிக் காட்டுக்குள் அலையாது. இன்று டிப்பர் லாரியும் மண் அள்ளும் இயந்திரமும், உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைக்குத் தளவாடம் ஏற்றி வரும் நீண்ட டிரெய்லர்களும் இட்டேரியில் திரும்ப இடமில்லாமல் வேலியைப் பிரித்து உள்ளே இறங்குகின்றன.

வைகாசி தொடங்கி ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று வீசுகிறது. புல் தூர் நசுங்கி, பொடிக்கல் புரண்டு, மாவாகிக் கிடக்கும் தடத்து மண்ணை அது எளிதில் தூக்கிச் செல்லும். பறப்பது சரளையல்ல, உரச்சத்து உள்ள மெல்லிய மண்ணே. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மண் போனாலே ஐந்தரை டன் போனதாகும். காற்று விட்டதை ஐப்பசி மழை முடிக்கிறது. இறுகிய தடத்தில் நீர் இறங்காது, ஓடும். தடம் சரிவின் போக்கிலேயே இருந்தால் இரண்டொரு மழையில் அது வாய்க்காலாகிவிடும்.

இது தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடுவதும் தவறு. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1944 வரை, அமெரிக்காவின் கலிபோர்னியா, அரிசோனா பாலைவனங்களில் டாங்கிப் படைகள் பயிற்சி பெற்றன. அவற்றின் தடங்கள் பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் அழியாமல் தெரிந்தன. மழை குறைந்த இடத்தில் வேரும் மண்புழுவும் மண்ணை இளக்குவது அவ்வளவு மெதுவாக நடக்கிறது. கொறங்காடு பாலைவனம் அல்ல என்றாலும், ஆண்டில் பல மாதம் காய்ந்து கிடக்கும் நிலமே.

வண்டி வந்துதான் தீர வேண்டுமானால் தை முதல் பங்குனி வரை, மண் காய்ந்து காற்றும் அடங்கியிருக்கும் காலமே ஏற்றது. மழை பெய்திருந்தால் அரை அடி ஆழத்து மண்ணை எடுத்துக் கையில் பிடித்துப் பார்க்கலாம். உருண்டையாகி உதிராமல் நின்றால் வண்டியை வெளியே நிறுத்துவதே சரி. வாடகை பேசும்போதே நுழையும் வழி, திரும்பும் இடம் இரண்டையும் பேசி, சரிவுக்குக் குறுக்காகக் கல் நட்டுத் தடத்தைக் காட்டிவிட வேண்டும். ஓட்டுநர் குறுக்கு வழி தேடுவார். பக்கத்தில் ஆள் நிற்பது நல்லது.

வேலை முடிந்தபின், மண் காய்ந்திருக்கும்போதே, தடத்தை மட்டும் உளிக்கலப்பையால் கீற வேண்டும். ஈரத்தில் கீறினால் இறுகிய அடுக்கு உடையாது, கலப்பை வழுக்கிக்கொண்டு போகும். பயிர் நிலத்தில் அடிமண் இறுகியிருந்தால் அரை மீட்டர் இடைவெளியில் நெடுக்கும் குறுக்குமாக உழுது, ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரம் இடும்படி கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. மேய்ச்சல் காட்டில் மீதிப் புல்லைக் கிளறக் கூடாது என்பதால் இந்த உழவு தடத்தோடு நிற்க வேண்டும். உளிக்கலப்பை இல்லாதவர்கள் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் வாடகைக்குக் கேட்கலாம்.

கீறிய தடத்தில் பத்தடிக்கு ஒன்றாகக் கல்லோ முள்ளோ குறுக்கே போட்டு, முதல் மழைக்குக் கொழுக்கட்டைப் புல் விதையை மணலோடு கலந்து தூவலாம். விதை பஞ்சுபோல் லேசானது. ஆழமாக மூடினால் முளைக்காது, முள் கிளையை இழுத்துவிட்டாலே போதும். புல் தூர் கட்டும் வரை அந்தத் துண்டில் ஆடு இறங்காமல் படலைச் சாத்தி வைக்க வேண்டும்.