அவிழ்க்க வழியில்லாத முடிச்சு: 1791 பிரெஞ்சு அரசியலமைப்பு



ஓர் அரசியலமைப்பைப் படிக்கத் தொடங்குவோர் பெரும்பாலும் அதன் உரிமைப் பட்டியலையே முதலில் தேடுகின்றனர். ஆயினும், அரசின் இரு உறுப்புகள் மோதிக்கொள்ளும்போது சிக்கலைத் தீர்க்க அது என்ன வழி வகுத்திருக்கிறது என்பதும் அதன் ஆயுளைப் பெரிதும் தீர்மானிக்கிறது. பிரான்சின் 1791ஆம் ஆண்டு அரசியலமைப்பு இதற்குத் தெளிவான சான்றாகும்.

கருவூலம் கடனில் மூழ்கியதால், பதினாறாம் லூயி மன்னர் 1789 மே 5 அன்று வெர்சாயில் எஸ்டேட்ஸ் ஜெனரல் என்னும் பேராயத்தைக் கூட்டினார். மதகுருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என மூன்று வகுப்பாரின் பிரதிநிதிகள் அமர்ந்த அந்த அவையில், வகுப்புக்கு ஒரு வாக்கா, ஆளுக்கு ஒரு வாக்கா என்ற பூசல் தீராததால், மூன்றாம் வகுப்பார் ஜூன் 17 அன்று தங்களைத் தேசியப் பேரவையாக அறிவித்துக்கொண்டு, அரசியலமைப்பை இயற்றி முடிக்கும்வரை கலைவதில்லை என்று மூன்று நாள் கழித்து டென்னிஸ் மைதானத்தில் உறுதியேற்றனர். ஆகஸ்ட் 26 அன்று மனித உரிமைப் பிரகடனமும் நிறைவேறியது.

கடினமான கேள்வி அதன் பின்னரே எழுந்தது. பேரவையின் சட்டத்துக்கு ஒப்புதல் மறுக்கும் 'வீட்டோ' அதிகாரம் மன்னருக்கு முழுமையாக வேண்டும் என்றும், பிரிட்டனைப் போல ஈரவைகள் வேண்டும் என்றும் பேரவை உறுப்பினர் மூனியே வாதிட, தேசத்தின் விருப்பத்தைத் தனியொருவர் தடுக்கலாகாது என்றார் மற்றோர் உறுப்பினரான சீயேஸ். செப்டம்பரில் பேரவை ஓரவையையே ஏற்று, மன்னருக்கு இடைக்கால வீட்டோவை மட்டும் அளித்தது; அதாவது, அடுத்துவரும் இரு பேரவைகளும் அதே சட்டத்தை மீண்டும் நிறைவேற்றினால் தடை நீங்கும். பேரவையின் காலம் இரண்டாண்டு என்பதால், அவசரச் சட்டம்கூடப் பல ஆண்டுகள் முடங்கக்கூடும். அதே வேளையில், பேரவையைக் கலைத்துத் தேர்தல் நடத்த மன்னருக்கு உரிமையில்லை. அவருடைய அமைச்சர்கள் பேரவை உறுப்பினராக இருக்கவும் தடை இருந்தது. அரசியலமைப்பைத் திருத்தவும் தொடர்ந்து மூன்று பேரவைகளின் ஒத்த விருப்பம் தேவைப்பட்டது.

இவை ஒவ்வொன்றும் கொடுங்கோன்மை மீண்டும் தலைதூக்குமோ என்ற நியாயமான அச்சத்தில் பிறந்தவை. எனினும் ஒன்றுசேர்ந்தபோது அவிழ்க்க வழியில்லாத முடிச்சாயின. பேரவை உறுப்பினர் ரோபஸ்பியரின் முன்மொழிவால், அரசியலமைப்பை வகுத்தோர் அடுத்த பேரவைக்குப் போட்டியிடக் கூடாதென 1791 மே மாதத்தில் முடிவாகியதால், 1791 அக்டோபர் 1 அன்று கூடிய புதிய பேரவையில் அரசியலமைப்பை ஆக்கியவர் ஒருவரும் இல்லை. அதற்கு முன் 1791 ஜூனில் தப்பியோட முயன்று வாரென் என்னும் ஊரில் பிடிபட்ட மன்னர், புரட்சியை ஏற்க மறுத்த மதகுருமார் மீதான சட்டங்களுக்கு வீட்டோ இட்டபோது, சமரசத்துக்குச் சட்டத்துக்குள் கதவே இல்லை. 1792 ஆகஸ்ட் 10 அன்று ஆயுதமேந்திய மக்கள் டுயிலெரி அரண்மனையைத் தாக்க, ஓராண்டுகூட நிறைவடையாத அரசியலமைப்பு வீழ்ந்தது.

ஆகவே, எந்த அரசியலமைப்பைக் கையில் எடுத்தாலும், சட்டத்தை மறுக்க வல்லவர் யார், அம்மறுப்பை வெல்ல எவ்வளவு காலம் ஆகும், தவறு தெரிந்தால் ஏட்டையே திருத்துவது எவ்வளவு எளிது என்று தேடிப் பார்க்கவும். உரிமைகள் காகிதத்தில் நிற்குமா, நடைமுறையில் நிலைக்குமா என்பதை அந்த விடைகளைக் கொண்டு பெருமளவு கணிக்கலாம்.