செமினார் அறைக்குள் புதிதாக வருகிறவர்களுக்கு

கணிதத் துறையில் இந்த ஆண்டு ஆய்வுக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, துறை செமினார்களையும் சிறப்புரைகளையும் பற்றி நான் சொல்ல நினைப்பவை இவை.

1. உரையின் சுருக்கம் அறிவிப்புப் பலகைக்கு வந்ததும், அதில் தெரியாத இரண்டு சொற்களுக்காவது வரையறை தேடிப் படியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பாருங்கள். அவ்வளவு போதும்.

2. புரியாவிட்டால் கேளுங்கள். மற்ற எதையும்விட இதை நான் அழுத்திச் சொல்வேன். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இஸ்ரேல் கெல்ஃபாண்ட் 1943இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் திங்கட்கிழமைதோறும் செமினார் நடத்தினார். பேசுபவரை நடுவில் நிறுத்திவிட்டு, அதுவரை சொன்னதை விளக்கும்படி அவையில் இருக்கும் இளைஞர் ஒருவரிடம் சொல்வார். அந்தக் கடுமை நமக்கு வேண்டாம். ஆனால், கேட்பவருக்குப் புரிகிறதா என்பது பேசுபவரின் கவலையும்தான் என்ற எண்ணம் நமக்கு வேண்டும். நெறியாளர் முன்னால் மாணவர் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று இன்னும் சில துறைகளில் நினைக்கிறார்கள். எனக்கு அது வருத்தம் தருகிறது. "இதற்கு எளிய எடுத்துக்காட்டு உண்டா?", "இந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் தேற்றம் நிற்குமா?" இந்த இரண்டையும் எந்த உரையிலும் தயங்காமல் கேட்கலாம்.

3. உங்கள் பிரிவு இல்லை என்று எந்த உரையையும் விட்டுவிடாதீர்கள்.

4. குறிப்பெடுங்கள், வீட்டுக்குப் போய் அதை முழுமையாக்குங்கள். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வெளிநாட்டு அறிஞர்கள் வந்து தொடர் உரைகள் ஆற்றுவார்கள். அவற்றை எழுதித் தொகுப்பது இளம் ஆய்வாளர்களின் பொறுப்பு. சென்னை லயோலாவில் படித்துவிட்டு அங்கே போன சி.பி. ராமானுஜம், ஷஃபரேவிச்சின் உரைகளை அப்படி எழுதினார். பிழைகளைத் திருத்தினார், சில நிரூபணங்களை நிறைவும் செய்தார். ஷஃபரேவிச்சே அதை மனமாரச் சொல்லியிருக்கிறார். அபீலிய வகைகள் பற்றிய டேவிட் மம்ஃபோர்டின் உரைகளுக்குக் குறிப்பெழுதியவரும் ராமானுஜமே. 1970இல் வெளிவந்த அந்த நூலை இன்றும் படிக்கிறார்கள். நீங்கள் அன்றிரவே ஒரே ஒரு துணைத்தேற்றத்தை எடுத்து, குறிப்பைப் பார்க்காமல் நிரூபிக்க முயலுங்கள். எங்கே தடைபடுகிறீர்களோ அங்கேதான் உங்களுக்கு வேலை இருக்கிறது.

5. தேநீர் நேரத்தில் நழுவிவிடாதீர்கள். 1972இல் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தில் அப்படியொரு தேநீர் வேளையில், இளைஞரான ஹியூ மாண்ட்கோமரியை ஃப்ரீமன் டைசனிடம் அழைத்துப்போய் அறிமுகம் செய்துவைத்தவர் நம் நாட்டு சர்வதமன் சௌலா. ரீமன் ஜீட்டா சார்பின் பூச்சியங்களுக்கு இடையிலான தொலைவுகள் பற்றித் தான் கண்டதை மாண்ட்கோமரி சொன்னார். அதே சூத்திரம் சமவாய்ப்பு அணிகளில் வருவதை டைசன் உடனே அடையாளம் கண்டார். ஒருவர் எண் கோட்பாட்டுக்காரர், மற்றவர் இயற்பியலாளர். மூத்தவர்களே, சௌலா செய்ததை நீங்களும் செய்யுங்கள். மாணவரை விருந்தினரிடம் அழைத்துப்போய்ப் பேசவையுங்கள்.

6. விருந்தினர் வரும் முன்பே கரும்பலகை துடைத்திருக்கட்டும், சுண்ணக்கட்டி இருக்கட்டும், புரொஜெக்டர் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

7. நீங்கள் பேசும் நாளில், முதல் கால் மணி நேரம் எல்லோருக்குமானது. பொதுத் தேற்றத்துக்கு முன்னால் அதன் மிகச் சிறிய நேர்வைப் பலகையில் முழுவதுமாகச் செய்துகாட்டுங்கள். நிரூபணத்தில் ஒரு முக்கியமான படியை மட்டும் விளக்கினால் போதும். ஒரு மணி நேரம் கொடுத்தால் ஐம்பது நிமிடத்தில் நிறுத்துங்கள். மிச்சப் பத்து நிமிடத்தில் முதல் கேள்வியை உங்கள் ஜூனியர்களிடமிருந்து கேட்டு வாங்குங்கள்.