மூடிய ஜாடிக்குள் எச்சிவேரியா எதற்கு?

மூடி போட்ட கண்ணாடி ஜாடிக்குள் எச்சிவேரியா என்ற சதைப்பற்றுச் செடியை நட்டு, 'பராமரிப்பே வேண்டாம்' என்று விற்பவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. 1,200 ரூபாய் கொடுத்து வாங்கினேன். முதலில் அடியிலிருந்த இலைகள் வெளிறி, ஊறவைத்த திராட்சைபோல் உள்ளே நீர் தெரிய உப்பின. விரல் பட்டதுமே கழன்று கையோடு வந்தன. பிறகு தண்டின் அடி கறுத்துக் கொழகொழத்தது. கடையில் போய்க் கேட்டால், "தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டீங்க மேடம்" என்றார்கள். வாங்கி வந்த பிறகு நான் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை.

மூடிய ஜாடியில் இருக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லை. ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து திரும்ப மண்ணுக்கே இறங்கும். எச்சிவேரியாவோ மெக்சிகோவின் வறண்ட பாறைச் சரிவுகளில் வளர்வது. தண்ணீரை இலையிலேயே சேர்த்துவைத்துக்கொண்டு, ஆவியாகிவிடாமல் இருக்க இரவில்தான் இலைத்துளைகளைத் திறக்கும். அதை ஓயாத ஈரக்காற்றில் அடைத்தால் அழுகாமல் என்ன செய்யும்? கள்ளி வகைகளுக்கும் இதே கதிதான். 1829 வாக்கில் லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு, கூட்டுப்புழு ஒன்றை ஈர மண்ணோடு பாட்டிலில் மூடிவைத்தார். அதில் தானாக முளைத்து வந்தவை ஒரு பெரணியும் ஒரு புல்லும். மூடிய ஜாடிக்கு எது ஒத்துவரும் என்பது அன்றைக்கே தெரிந்துபோன விஷயம்.

ஜாடியின் அடியில் களிமண் உருண்டை, மேலே ஒரு வலை, அதன்மேல் கோகோபீட்டும் பெர்லைட்டும் கொஞ்சம் கரியும். இதை யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுப்பார்கள். செடியைத் தேர்ந்தெடுப்பதில்தான் ஏமாந்துபோவோம். ஃபிட்டோனியா, சின்ன இலைப் பெப்பரோமியா, பைலியா, செலாஜினெல்லா போதும். ஃபிட்டோனியாவை மலிவான செடி என்று மட்டம் தட்டுகிறார்கள். தண்ணீர் குறைந்தால் அப்படியே படுத்து, ஊற்றிய சில மணி நேரத்தில் எழுந்து நின்று, தன் தேவையை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்கிற செடி எனக்கு வேறு கிடைக்கவில்லை. ஃபைக்கஸ் பூமிலா வைத்தால் கத்தரிக்கோலைக் கீழே வைக்க முடியாது. லக்கி பாம்பூ ஜாடிக்குள் அடங்கவே அடங்காது.

செடி வாங்கும்போது இலையைத் திருப்பி, காம்பு இடுக்கில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். வேரில் ஒட்டியிருக்கும் உர உருண்டைகளைக் கழுவி எடுங்கள். உரம் போட்டால் செடி சீக்கிரம் ஜாடியை முட்டும்.

சாயம் ஏற்றிய பாசியையும் கொடைக்கானலிலிருந்து வருகிற பாசியையும் வாங்காதீர்கள். முன்னது உயிரற்றது, ஈரத்தில் சாயம் விட்டுப் பூஞ்சை பிடிக்கும். பின்னது நம் வெக்கையில் பழுப்பாகிவிடும். ஐப்பசி மழையில் காம்பவுண்டுச் சுவரில் படர்கிற பாசியைச் சுரண்டி வந்து போட்டேன், நன்றாகப் பிடித்துக்கொண்டது.

உங்கள் வீட்டு ஹால் ஜன்னல் மேற்கே பார்த்து இருக்கலாம். அங்கே ஜாடியை வைக்காதீர்கள், மூடிய ஜாடியில் நேர்வெயில் விழுந்தால் செடி வெந்துவிடும். வெள்ளை எல்இடி விளக்கின் கீழ் தினம் பத்து மணி நேரம் வையுங்கள். காலையில் கண்ணாடியில் படிந்த ஆவி மதியத்துக்குள் மறைந்தால் தண்ணீர் சரியான அளவு. நாள் முழுக்க வழிந்துகொண்டிருந்தால் மூடியை ஒருநாள் திறந்துவையுங்கள்.