சர்வகலாசாலையும் அதன் நூல்நிலையமும்

சர்வகலாசாலையொன்றின் நூல்நிலையம் மாண்புறுவது கட்டடத்தாலோ, நூற்றொகையாலோ, காக்கும் முறையாலோ? ஒக்ஸ்போட்டின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகின்றது.

பதினைந்தாம் நூற்றாண்டிலே குளொஸ்டர்க் கோமகனான ஹம்பிரி 280க்கு மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகளை அச்சர்வகலாசாலைக்கு ஈந்தார். அவற்றுக்கென எழுப்பப்பெற்ற எழில்மிக்க மண்டபம் 1488 இல் திறக்கப்பட்டது. ஆயின், சமயப் பூசல் மிகுந்த 1550 இல் நூல்கள் அகற்றப்பட்டுச் சிதறின. 1556 இல் வெறுமையுற்ற மேசைகளும் விற்கப்பட்டன. மண்டபம் நின்றது, நூல்நிலையம் மறைந்தது.

அதனை மீட்டவர், அரசியற் றூதராய் விளங்கிய தோமஸ் பொட்லி. 1598 இல் தம் செலவிற் புதுப்பிக்க முன்வந்தார். 1602 இல் அது மீளத் திறக்கப்பட்டது. நிலையான வருவாயையும் அவர் ஏற்படுத்தினார். 1605 இல் நூற்பட்டியல் அச்சாயிற்று. 1610 இல் இலண்டன் நூல்வணிகர் சங்கத்தோடு செய்த உடன்படிக்கையால், அச்சங்கத்திற் பதிவுபெறும் நூல்களில் ஒவ்வொரு பிரதி அங்கு சேர வழி பிறந்தது. நூல்களை வெளியே கொடுக்கலாகாதென்னும் விதி ஆள்வோருக்கும் தளரவில்லை. 1645 இல் முதலாம் சாள்ஸ் மன்னரும், 1654 இல் குரொம்வெல்லும் இரவல் வேண்டியபோது மறுக்கப்பட்டது.

எனினும், பேணியோரும் ஒருகால் வழுவினர். ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுதியின் 1623 ஆம் ஆண்டு முதற்பதிப்பை, பிந்திய பதிப்பு வந்தபின் மிகையெனக் கழித்தனர். அப்பிரதியை 1906 இல் மீளப் பெறுதற்கு 3,000 பவுண் வேண்டியதாயிற்று.

ஆதலின், நூல்நிலையம் அமைக்க முயல்வோர் கட்டடத்துக்குப் பொருள் திரட்டும்போதே, ஆண்டுதோறும் நூல் சேர்த்தற்கும், பட்டியலிடுதற்கும், காத்தற்கும் வேண்டிய வருவாயையும் வகுத்தல் கடனாகும். அஃதின்றேல் எஞ்சுவது மண்டபமே.