உழவு மாடு நீண்ட காலம் உழைக்க...

டிராக்டர் பெருகிய பிறகு ஏர் மாடுகள் குறைந்துவிட்டன. ஆயினும் சிறு வயலை உழவும், பயிர் வரிசைகளுக்கிடையே இடையுழவு செய்யவும், எருவும் வைக்கோலும் ஏற்றவும் ஒரு ஜோடி எருதையே நம்பியிருக்கும் விவசாயிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மாடுதான் முதலீடு. நன்றாகப் பராமரித்த எருது 4 வயதில் முழு வேலைக்கு வந்து, 12 வயது வரையிலும், சில சமயம் அதற்கு மேலும் உழைக்கும். ஆனால் 8, 9 வயதிலேயே சந்தைக்குப் போகும் மாடுகளும் உண்டு. "வயதாகிவிட்டது" என்று காரணம் சொல்வார்கள். மாட்டை உற்றுப் பார்த்தால் கழுத்தில் ஆறாத புண், காலில் நொண்டல், கெட்டுப்போன வயிறு ஆகியவற்றில் ஒன்று தெரியும். இவை பெரும்பாலும் வயதால் வருபவை அல்ல. பராமரிப்புக் குறைவால் வருபவை. ஆகவே தடுக்கக்கூடியவை.

இளம் வயதில் அவசரம் வேண்டாம்

மாட்டுக்கு முன்பற்கள் கீழ்த்தாடையில் மட்டுமே உண்டு, மொத்தம் 8. சுமார் 2 வயதில் முதல் ஜோடிப் பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கத் தொடங்கும். நான்கு ஜோடியும் முளைத்துப் பல் சேர 4 வயதாவது ஆகும். எலும்பும் மூட்டும் உறுதிப்படுவதும் ஏறக்குறைய அப்போதுதான். எனவே 2½ முதல் 3 வயதில் வேலை பழக்கலாமே தவிர, முழுப் பாரம் ஏற்றக் கூடாது. முதலில் வெறும் நுகம், பிறகு லேசான மரக்கட்டை, அதன் பிறகு காலை வேளையில் ஒரு மணி நேர உழவு என்று படிப்படியாகப் பழக்க வேண்டும். பழகிய மூத்த எருதோடு இளங்காளையைப் பூட்டினால் அடியின்றி விரைவில் பழகும்.

கழுத்தைக் காப்பாற்றுங்கள்

நுகத்தடி பதியும் இடம் வழுவழுப்பாக இருக்க வேண்டும். பிளவு, சிலும்பு, துருத்திய ஆணி இருந்தால் தோல் அழுந்திப் புண்ணாகும். இரண்டு மாடும் ஒரே உயரமும் ஏறக்குறைய ஒரே நடையும் உடையனவாக இருப்பது அவசியம். உயரம் ஒவ்வாத ஜோடியில் நுகம் ஒரு பக்கம் சாய்ந்து ஒரு மாட்டின் கழுத்தையே அழுத்தும். மழையில் நனைந்து ஊறிய கழுத்தில் பாரம் வைத்தால் தோல் எளிதில் உரியும். இரட்டை மாட்டு வண்டியில் முன்பாரம் மிகுந்தால் எடை முழுதும் கழுத்தில் இறங்கும்; பின்பாரம் மிகுந்தால் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். பாரத்தைச் சமமாகப் பரப்பிய பிறகே வண்டியைக் கிளப்ப வேண்டும்.

கழுத்தில் சூடும் வீக்கமும் கண்டால் அன்றே வேலையை நிறுத்துங்கள். நுகப்புண்ணுக்கு முதல் மருந்து ஓய்வுதான். மருந்து போட்டுக்கொண்டே ஏரும் ஓட்டினால் புண் ஆறாது. நாளடைவில் அந்த இடம் தடித்துக் கட்டியாகி, அறுவை சிகிச்சை வரை போகும். புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குளம்பும் லாடமும்

தார்ச் சாலையிலும் கல் நிலத்திலும் நடக்கும் மாட்டுக்கு லாடம் அவசியம். மாட்டின் குளம்பு இரண்டாகப் பிளந்திருப்பதால் காலுக்கு இரண்டு வீதம் 8 லாடம் தேவைப்படும். லாடம் தேய்ந்தாலும், ஆட்டம் கண்டாலும் உடனே மாற்ற வேண்டும். வளர்ந்த குளம்பைச் சீவிச் சமப்படுத்திய பிறகே புது லாடம் அடிக்க வேண்டும்.

லாடம் அடிக்க மாட்டைச் சாய்க்கும்போது வயிறு நிறைந்திருக்கக் கூடாது. தீனி வைப்பதற்கு முன்பு, மிருதுவான தரையில் சாய்ப்பது நல்லது. லாடம் அடித்த சில நாட்களுக்குள் மாடு நொண்டினால் ஆணி பச்சைச் சதையில் ஏறியிருக்கலாம். அந்த ஆணியைப் பிடுங்கி, கால்நடை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.

நஞ்சை நிலத்து மாட்டுக்குத் தொல்லை வேறு. சேற்றிலேயே நிற்பதால் குளம்பு ஊறி, இடுக்கில் புண் வரும். வேலை முடிந்ததும் காலைக் கழுவி, ஈரமில்லாத தரையில் கட்ட வேண்டும்.

எவ்வளவு வேலை?

எருது தன் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு இழுவையைச் சீராகத் தாங்கும். 350 கிலோ எடையுள்ள மாட்டுக்கு இது சுமார் 35 கிலோ. காய்ந்து இறுகிய நிலத்தில் கலப்பையை ஆழமாக அழுத்தினால் இந்த அளவு எளிதில் மீறிப்போகும். ஈரப்பதம் பார்த்து உழுவதே மாட்டுக்கும் மண்ணுக்கும் நல்லது.

வண்டி இழுக்கும் மாடுகளுக்கு மத்திய அரசின் 1965-ம் ஆண்டு விதிகள் வரம்பு வகுத்துள்ளன. நாளொன்றுக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை பூட்டக் கூடாது. முள் வைத்த தார்க்குச்சிக்கும் தடை உண்டு. ஏருக்கும் இவற்றை அளவாகக் கொள்ளலாம்.

மாதக்கணக்கில் சும்மா நின்ற மாட்டை, மழை பெய்த மறுநாளே முழு நாள் ஏரில் பூட்டுவது பெருந்தவறு. முதல் நாள் 2 மணி நேரம் என்று தொடங்கி, இரண்டு வாரத்தில் முழு வேலைக்குக் கொண்டுவாருங்கள்.

தீவனமும் தண்ணீரும்

நடுத்தர எருதுக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 கிலோ வைக்கோல் அல்லது சோளத்தட்டை, கிடைக்கும் அளவு பசுந்தீவனம், வேலை நாட்களில் 1 முதல் 2 கிலோ அடர்தீவனம் தேவை. தவிடு, பிண்ணாக்கு, பருத்திக் கொட்டை, ஊறவைத்த கொள்ளு ஆகியவற்றைக் கலந்து கொடுக்கலாம். தாது உப்புக் கலவையும் சிறிது உப்பும் தினமும் சேர வேண்டும். தீனி தின்ற மாட்டுக்கு அசை போட 2 மணி நேரமாவது விட்டுப் பூட்டுங்கள். தண்ணீரை அடிக்கடி காட்ட வேண்டும்.

மாட்டுப் பொங்கல் நாளில் அன்பு மிகுதியால் சோறும் பொங்கலும் பழமும் அளவின்றி ஊட்டுவது ஆபத்து. பழக்கமில்லாத மாவுச்சத்து வயிற்றில் புளித்து அமிலமாகிவிடும். அசை போடுவது நின்று, இடப்பக்க வயிறு உப்பி, புளித்த நாற்றமுள்ள கழிச்சல் கண்டு, மாடு தள்ளாடிப் படுத்துவிடும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள். அறிகுறி தெரிந்தால் இரவென்று பாராமல் மருத்துவரை அழையுங்கள்.

கவனிக்க வேண்டிய நோய்கள்

கோமாரியில் தப்பிய மாடு பிறகு வெயிலில் மூச்சு வாங்கி, வேலைக்கு ஆகாமல் போவதுண்டு. எனவே ஆண்டுக்கு இருமுறை தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். சப்பை நோய், தொண்டை அடைப்பான் தடுப்பூசிகளை மழைக்காலத்துக்கு முன்பே போடுவது நல்லது.

எருதுகளுக்கு 5 முதல் 10 வயதில் வரும் கொடிய நோய் கொம்புப் புற்று. மாடு அடிக்கடி தலையை உதறும். கொம்பை மரத்தில் தேய்க்கும். ஒரு பக்க மூக்கில் இரத்தமோ சீழோ வடியும். பிறகு கொம்பு ஒரு பக்கம் சாயும். கொம்பு சாயும் வரை காத்திராமல், தலை உதறும்போதே காட்டினால், கொம்பை அகற்றி மாட்டைப் பிழைக்க வைக்க வாய்ப்பு உண்டு.

முதிர்ந்த மாட்டுக்கு

10 வயதைத் தாண்டிய மாட்டுக்குப் பல் தேய்ந்திருக்கும். தட்டையைச் சிறு துண்டுகளாக நறுக்கியும், அடர்தீவனத்தை ஊறவைத்தும் கொடுத்தால் உடல் இளைக்காது. ஆழ உழவை விட்டு, இடையுழவு, லேசான வண்டி வேலை என்று மாற்றிக்கொள்ளலாம். இளங்காளையைப் பழக்க இத்தகைய மாடே ஏற்றது.

மாலையில் 10 நிமிடம்

நுகத்தை இறக்கியதும் கழுத்தைக் கையால் தடவிச் சூடு பாருங்கள். நான்கு காலையும் தூக்கிக் குளம்பு இடுக்கில் கல்லோ முள்ளோ இருந்தால் எடுங்கள். தீனி தின்ற பிறகு அசை போடுகிறதா, சாணி சரியாக இருக்கிறதா என்று கவனியுங்கள். அன்றே கண்ட குறையை ஒரு நாள் ஓய்விலேயே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். ஒரு மாதம் கழித்துக் கண்டால் உழவுப் பருவமே தவறிப்போகும். தினமும் இந்தப் 10 நிமிடத்தை ஒதுக்கும் விவசாயியின் தொழுவத்தில் மாடு நீண்ட காலம் நின்று உழைக்கும்.