அண்டை வீடும் அல்மாஊனும்

திருக்குர்ஆனின் 107ஆவது அத்தியாயத்துக்கு 'அல்மாஊன்' என்று பெயர். மொத்தம் ஏழே வசனங்கள். தொழுதும் கேட்டுக்கு ஆளாகிறவர்களைப் பற்றி அது எச்சரிக்கிறது. அவர்கள் தொழுகையில் கவனமில்லாதவர்கள், பிறர் பார்வைக்காகச் செய்கிறவர்கள். கடைசியாக ஓர் அடையாளமும் சொல்லப்படுகிறது: அற்பமான புழங்குபொருளைக்கூடக் கொடுக்க மனம் வராதவர்கள். அந்தப் புழங்குபொருளுக்குத்தான் 'மாஊன்' என்று பெயர். வாளியும் சட்டியும் இரவல் கொடுப்பதையே நபி (ஸல்) அவர்கள் காலத்தில் மாஊன் என்று கருதிவந்ததாக இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவித்திருக்கிறார்கள்.

தொழுகையைப் பற்றிப் பேசும் இடத்தில் சட்டியும் வாளியும் ஏன் வருகின்றன? இன்று நம் வீட்டுக்கு வந்து யாரும் சட்டி கேட்பதில்லையே, அப்படியானால் இந்த வசனம் நமக்கு என்ன சொல்கிறது? இந்த மாதப் பாடம் இவ்விரு கேள்விகளைப் பற்றியது.

இரவல் நடந்த காலம்

சேலத்தில் குகை, கிச்சிப்பாளையம், அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வளர்ந்த பெரியவர்களுக்கு 'லைன் வீடு' என்றால் விளக்கம் தேவையில்லை. ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் வரிசையாக ஆறோ எட்டோ குடித்தனங்கள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய், ஒரு கிணறு, ஓர் ஆட்டுக்கல். தறி ஓட்டுகிறவர், வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குப் போகிறவர், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர் என்று பல தொழில்காரர்கள், பல சமயத்தார் ஒரே வரிசையில் இருந்தார்கள்.

அங்கே இரவல் என்பது தினசரி நடப்பு. ஒரு டம்ளர் சர்க்கரை, அரை ஆழாக்கு எண்ணெய், தலைவலி மாத்திரை, விருந்தாளி வந்தால் இரண்டு தட்டு, கல்யாணம் என்றால் அண்டா. வாங்கியதை அடுத்த வாரம் திருப்பிக் கொடுப்பார்கள். காலிப் பாத்திரத்தை அப்படியே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று கொஞ்சம் சர்க்கரையோ இரண்டு பழமோ வைத்துத் தருவார்கள். மாம்பழக் காலத்தில் மல்கோவாவும் குண்டு மாம்பழமும் வாசலுக்கு வாசல் நடக்கும். பெருநாளன்று இங்கிருந்து போசி போகும், பொங்கலன்று அங்கிருந்து கரும்பு வரும்.

அதற்காகப் பழைய தெருவைப் பொன்னாக்கிப் பேச வேண்டியதில்லை. குழாயடிச் சண்டை இருந்தது. ஒருவர் வீட்டுப் பேச்சு ஊர்ப்பேச்சாக மாறும் தொல்லை இருந்தது. இன்னார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், இன்னார் வீட்டில் குடிக்கக் கூடாது என்ற சாதிக் கணக்கும் இருந்தது. ஆட்டுக்கல்லோடு மல்லுக்கட்டிய பெண்களின் இடுப்புவலியை யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள்.

என்ன மாறியது?

1866இல் நகராட்சியான சேலம் 1994இல் மாநகராட்சி ஆனது. 2011 கணக்கெடுப்பில் மாநகர மக்கள்தொகை 8,29,267. நிலத்தின் விலை ஏற ஏற லைன் வீடுகள் இடிக்கப்பட்டு அந்த இடங்களில் அடுக்குமாடிகள் எழும்பின. பதினோரு மாத ஒப்பந்தத்தில் வந்து போகும் வாடகைக் குடும்பங்கள் கூடின. 2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. ஏழை வீட்டிலும் அரைக்கும் வேலை சுலபமானது. குழாய் வீட்டுக்குள் வந்தது, பிரிட்ஜும் வந்தது. வெங்காயம் தீர்ந்துபோனால் போனைத் தட்டினால் போதும், வாசலுக்கே வருகிறது.

இவை எல்லாம் நல்ல மாற்றங்களே. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் முன்னோர் நம்மைவிட நல்ல மனம் படைத்தவர்கள் என்பதால் மட்டும் பகிர்ந்து வாழவில்லை. இல்லாமை அவர்களை ஒருவர் வாசலுக்கு ஒருவரை அனுப்பியது. அந்த இல்லாமை குறைந்ததும் வாசலுக்குப் போகும் காரணமும் போய்விட்டது. மனம் கெட்டுப்போனதாக நினைத்து வருந்துவதைவிட, சந்தர்ப்பம் போய்விட்டது என்று புரிந்துகொள்வது நல்லது. சந்தர்ப்பம்தான் போயிற்று என்றால் அதை நாம் திரும்ப உண்டாக்க முடியும்.

சட்டியோடு போனது எது?

இரவல் கேட்க வந்தவர் பொருளை மட்டும் வாங்கிப் போகவில்லை, ஒரு செய்தியையும் விட்டுப் போனார். ஒரே வாரத்தில் மூன்று முறை அரிசி கேட்டு வந்தால், அந்த வீட்டில் கூலி வரவில்லை என்று பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரிந்துவிடும். இரண்டு நாளாகப் பாட்டி குழாயடிக்கு வரவில்லை என்றால் யாராவது எட்டிப் பார்ப்பார்கள். கேட்காமலே தெரிந்துகொள்ளும் வழி அது.

இன்று கதவுக்குப் பின்னால் நடப்பது வெளியே தெரிவதில்லை. பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்க, இங்கே தனியாக இருக்கும் பெற்றோர் எத்தனை பேர்! வடக்கே லோடு ஏற்றிப் போனால் வாரக்கணக்கில் திரும்பாத நாமக்கல் லாரி ஓட்டுநர்களின் வீடுகளில், நடுராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தால் தாய் யார் கதவைத் தட்டுவார்?

கடனும் அப்படித்தான். பக்கத்து வீட்டில் ஐந்நூறு ரூபாய் கைமாத்துக் கேட்கக் கூச்சப்படுகிறவர் வாரக் கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறார். ஒரு தவணை தவறினால் அதைக் கட்ட இன்னொரு கடன் வாங்குகிறார். 2025ஆம் ஆண்டு ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் பகுதியில், கடன் நெருக்கடியில் இருந்த விசைத்தறித் தொழிலாளர்கள் பணத்துக்காகச் சிறுநீரகத்தைக் கொடுத்த விவகாரம் வெளியே வந்தது. அடுத்த மாதமே உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு விசாரிக்க உத்தரவிட்டது. நமக்குப் பக்கத்து ஊர், தினமும் பஸ் போய்வரும் ஊர்.

அக்கம்பக்கத்தார் ஒரு போசி குழம்பு கொடுத்திருந்தால் அது நடந்திருக்காது என்று சொல்வது நியாயமாகாது. குறைந்த கூலியும் கடன் தொழிலும் தரகர்களின் பேராசையும் அதற்குப் பின்னால் இருக்கின்றன, அவற்றைச் சட்டம்தான் தடுக்க வேண்டும். ஆனால் ஒரு குடும்பம் முதல் தவணையைத் தவறவிட்ட நாளுக்கும் உடம்பை விலைபேசிய நாளுக்கும் நடுவே பல மாதங்கள் ஓடியிருக்கும். அந்த மாதங்களில் விஷயம் தெரிந்த ஓர் அண்டை வீடு இருந்தால், அது ஜமாஅத்திடம் போய்ச் சொல்லும். ஜமாஅத்தின் பைத்துல்மால், மகளிர் குழு, சட்ட உதவி மையம் என்று கேட்டுப் பார்க்க இடங்கள் இருக்கின்றன. பெட்டியில் ஜகாத் பணம் இருந்தும், யாருக்குத் தேவை என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் அந்தப் பணம் பக்கத்துத் தெருவைக்கூட எட்டாது.

தொழுகையைப் பற்றிப் பேசும் இடத்தில் சட்டியும் வாளியும் வருவது ஏன் என்று இப்போது விளங்கும். சின்னப் பொருளுக்குக் கதவை மூடுகிறவருக்குப் பெரிய தேவை தெரியவே வராது.

அண்டை வீட்டார் என்றால் யார்?

நான்காவது அத்தியாயமான அந்நிஸாவின் 36ஆவது வசனம் பெற்றோர், உறவினர், அநாதைகள், ஏழைகள் ஆகியோருடன் அண்டை வீட்டாரையும் சேர்த்து நன்மை செய்யச் சொல்கிறது. உறவான அண்டை வீட்டார், உறவில்லாத அண்டை வீட்டார் என்று இருவரையும் தனித்தனியாகக் குறிப்பிடுகிறது.

அண்டை வீடு எதுவரை என்று கேட்டபோது, முன்னால் நாற்பது, பின்னால் நாற்பது, வலப்பக்கம் நாற்பது, இடப்பக்கம் நாற்பது என்று ஹஸன் அல்பஸரி (ரஹ்) அவர்கள் சொன்னதாக இமாம் புகாரியின் 'அல்அதபுல் முஃப்ரத்' நூலில் பதிவாகியிருக்கிறது. கூட்டினால் 160 வீடுகள். அடுக்குமாடியில் மேலும் கீழும் சேர்த்து எண்ணிக்கொள்ளலாம். அத்தனை வீட்டுக்கும் எப்படிக் கொடுப்பது என்று மலைக்க வேண்டாம். இரண்டு அண்டை வீட்டாரில் யாருக்கு முதலில் கொடுப்பது என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கேட்டபோது, யாருடைய வாசல் அதிகம் பக்கத்தில் இருக்கிறதோ அவருக்கு என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள்.

வாசல்தான் அளவு, வேறு எதுவும் அளவில்லை. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நம் ஊரில் இன்று புதிய அண்டை வீட்டார் பலர் பிஹாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள். கோழிப்பண்ணை, விசைத்தறி, கட்டட வேலை என்று வந்து ஓர் அறையில் ஐந்தாறு பேராகத் தங்குகிறார்கள். மொழி தெரியாது, ரேஷன் கடை தெரியாது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்றும் தெரியாது. உறவில்லாத அண்டை வீட்டார் என்ற சொல்லுக்கு இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

கொடுக்கும் முறை

கொடுப்பது சிறிதாக இருந்தால் வெட்கப்பட வேண்டாம். ஆட்டுக் குளம்பாக இருந்தாலும் அண்டை வீட்டுப் பெண்ணுக்குக் கொடுப்பதை அற்பமாக எண்ண வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் பெண்களுக்கு அறிவுறுத்தினார்கள். ஆணம் சமைக்கும்போது தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் நினைத்துக்கொள்ளும்படி அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொன்னார்கள். தனிச்சமையல் வேண்டாம், இருப்பதில் கொஞ்சம் போதும்.

வாங்குகிறவரின் வழக்கத்தை மதித்துக் கொடுங்கள். சைவக் குடும்பத்துக்குப் பெருநாளன்று பிரியாணி அனுப்புவது அவர்களைச் சங்கடப்படுத்தும். இறைச்சி புழங்காத பாத்திரத்தில் சேமியா பாயசமோ, பழமோ, கடையில் வாங்கிய இனிப்போ கொடுத்தால் மகிழ்ந்து வாங்கிக்கொள்வார்கள்.

காலிப் பாத்திரம் திருப்பித் தரக் கூடாது என்ற நல்ல வழக்கம் ஏழைக்குச் சில நேரம் பாரமாகும். திருப்பி வைத்துத் தர எதுவும் இல்லாதவர், அடுத்த முறை வாங்கவே தயங்குவார். அப்படிப்பட்ட வீட்டுக்கு இலையிலோ, திருப்ப வேண்டாத டப்பாவிலோ கொடுங்கள். அதோடு அவர்களிடமிருந்தும் ஏதாவது கேட்டு வாங்குங்கள்: ஒரு கொத்துக் கறிவேப்பிலை, ஒரு மணி நேரத்துக்கு ஏணி. எப்போதும் வாங்கும் கையாகவே இருப்பது யாருக்கும் பிடிக்காது.

துக்க வீட்டில் அடுப்பு எரிவதில்லை. மூத்தா போரில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதானபோது, அவர்கள் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். நம் ஊரில் எல்லாச் சமயத்தாரிடமும் இந்த வழக்கம் உண்டு. அதைக் கேட்டரிங்காரரிடம் விட்டுவிடாமல் அக்கம்பக்கத்து வீடுகளே வேளைக்கு ஒருவராகப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

கொடுப்பதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். பிறர் பார்வைக்காகச் செய்வதையும் மாஊனை மறுப்பதையும் அந்த அத்தியாயம் அடுத்தடுத்துதான் வைத்திருக்கிறது.

கஞ்சி வரிசை கற்பிப்பது

எல்லாம் மாறிய பிறகும் நம்மிடம் மாறாமல் இருப்பது நோன்புக் கஞ்சி. அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் தூக்குப்போசியோடு நிற்கும் வரிசையில் எல்லாச் சமயத்தாரும் இருக்கிறார்கள். அது மட்டும் எப்படி நிலைத்தது? நேரம் தெரியும், இடம் தெரியும். யாரும் தன் தேவையைச் சொல்ல வேண்டியதில்லை. வசதியானவரும் வாங்குவதால் ஏழை தனியாகத் தெரிவதில்லை. திருப்பித் தரும் கடமையும் இல்லை. ரமலான் முடிந்த மற்ற பதினோரு மாதங்களிலும் நம் மாடியில், நம் தெருவில் இந்த முறையில் எதைச் செய்யலாம் என்று யோசிக்க வேண்டும்.

இந்த மாதம் செய்து பார்க்க

1. உங்கள் வாசலுக்கு மிக அருகிலுள்ள நான்கு வீட்டாரின் பெயரையும் போன் எண்ணையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் எண்ணை அவர்களிடம் கொடுங்கள்.
2. மாதத்தில் ஒரு நாள் குறித்துக்கொண்டு ஒரு வீட்டுக்காவது ஏதாவது கொடுத்தனுப்புங்கள். பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பினால் அவர்களுக்கும் பழக்கமாகும்.
3. ஏணி, டிரில்லிங் மிஷின், சக்கர நாற்காலி, பெரிய அண்டா, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி: உங்களிடம் இருப்பதை, வேண்டும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று மாடியிலுள்ள மற்றவர்களுக்குச் சொல்லிவையுங்கள். இன்றைய மாஊன் இவைதான்.
4. தனியாக இருக்கும் முதியவர் ஒருவரைத் தினமும் ஒரு முறை பார்த்து நலம் விசாரிக்கும் பொறுப்பை இரண்டு வீடுகள் சேர்ந்து எடுத்துக்கொள்ளுங்கள்.
5. கடனில் தவிக்கும் குடும்பம் தெரிந்தால், அவர்கள் சம்மதம் பெற்று, ஜமாஅத் பொறுப்பாளரிடம் மட்டும் சொல்லுங்கள். தெருவில் சொல்லாதீர்கள்.

சேர்ந்து பேச

- கடைசியாக எப்போது பக்கத்து வீட்டில் ஒரு பொருளை இரவல் கேட்டோம்? கேட்கவில்லை என்றால், தேவை இல்லாததாலா, கூச்சத்தாலா?
- நம் தெருவுக்குக் கடைசியாகக் குடிவந்த குடும்பம் எது? அவர்களிடம் முதலில் பேசியது யார்?
- நம் வீட்டில் இரவு இரண்டு மணிக்கு ஒரு அவசரம் என்றால் எந்தக் கதவைத் தட்டுவோம்? அந்த நேரத்தில் நம் கதவைத் தட்டும் தைரியம் யாருக்கு இருக்கிறது?

கடைசிக் கேள்விக்கு ஒரு பெயராவது சொல்ல முடிந்தால் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்துவோம். சொல்ல முடியாவிட்டால், இன்று மாலையே ஒரு போசியை எடுத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போவோம். நம் அண்டை வீட்டார் நம்மால் நிம்மதி அடைபவர்களாக இருக்க அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.