குவார்ட்ஸ் சமையல் மேடை: முதல் முறை போடுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

வெள்ளையாக, ஒரே சீரான நிறத்தில் சமையல் மேடை வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இன்று கடைக்காரர் முதலில் காட்டுவது குவார்ட்ஸ் பலகையைத்தான். எண்ணெய் குடிக்காது, பளபளப்பு குறையாது என்பார். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அதன் பலமும் பலவீனமும் உள்ளே இருக்கும் பிசினில் இருக்கின்றன. பிசினைப் புரிந்துகொண்டால், எதை வாங்குவது, எப்படித் துடைப்பது என்பதையெல்லாம் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

படி 1: எதை வாங்குகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கிரானைட் மலையிலிருந்து அறுத்தெடுப்பது. குவார்ட்ஸ் பலகை தொழிற்சாலையில் செய்வது. எடையில் ஏறத்தாழ 90 சதவீதத்துக்கு மேல் பொடித்த குவார்ட்ஸ். மீதி பாலியஸ்டர் பிசினும் நிறமியும். இந்தக் கலவையைக் காற்றை உறிஞ்சிவிட்டு அதிரவைத்து அழுத்தி, பிறகு சூடேற்றி இறுக்குவார்கள். இத்தாலியில் மார்செல்லோ டான்செல்லி 1963-ல் தொடங்கிய பிரெட்டன் நிறுவனம் உருவாக்கிய முறை இது. உலகின் பல தொழிற்சாலைகள் இன்றும் அந்த இயந்திரங்களைத்தான் பயன்படுத்துகின்றன.

குவார்ட்ஸ் கத்தியின் எஃகைவிடக் கடினமானது. பிசின் அப்படி இல்லை. அதற்குச் சூடும், வெயிலும், கடுமையான ரசாயனங்களும் ஆகாது.

படி 2: உங்கள் வீட்டுச் சமையலுக்கு ஒத்துவருமா?

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிக்கொண்ட பிறகே கடைக்குப் போங்கள். சுமார் 150 டிகிரி செல்சியஸைத் தாண்டும் பாத்திரம் மேலே அமர்ந்தால் பிசின் நிறம் மாறி மஞ்சள் வட்டம் விழலாம். சில சமயம் கல்லே விரிசல் விடலாம். தோசைக்கல்லும் வடை சுட்ட வாணலியும் அந்தச் சூட்டை எளிதாகத் தாண்டிவிடும். மஞ்சள் வட்டம் எந்தப் பொடி போட்டுத் தேய்த்தாலும் போகாது.

அடுப்பிலிருந்து இறக்கியதை அப்படியே மேடையில் வைக்கும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் இருந்தால், அதை மாற்றுவது கடினம் என்றும் தெரிந்தால், கிரானைட்டே வாங்குங்கள். கருப்பு கிரானைட் அந்தச் சூட்டைப் பொருட்படுத்தாது. விலையும் பொதுவாகக் குறைவு. பிரிமணை போட்டு இறக்கும் வீட்டுக்குக் குவார்ட்ஸ் மிக நன்றாக உழைக்கும்.

வெயில் படும் சர்வீஸ் ஏரியாவுக்கும் பால்கனிக்கும் குவார்ட்ஸ் வேண்டவே வேண்டாம். சூரியனின் புற ஊதாக் கதிர் பிசினைப் பழுப்பாக்கும்.

படி 3: கடையில் கேட்க வேண்டியதும் சோதிக்க வேண்டியதும்

விலை மலிவான பலகைகளில் குவார்ட்ஸுக்குப் பதிலாக மார்பிள் தூள் கலந்திருக்கலாம். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கையளவு மாதிரித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தாலோ, துடைத்த இடம் மங்கினாலோ அதில் சுண்ணாம்பு இருக்கிறது. இன்னொரு மூலையில் மஞ்சள்தூளை எண்ணெயில் குழைத்துத் தடவி இரவு முழுக்க விடுங்கள். காலையில் பாத்திரம் கழுவும் திரவத்தால் துடைத்தபின் எவ்வளவு மஞ்சள் நிற்கிறது என்று பார்த்தால், நம் சமையலை அந்தக் கல் எப்படித் தாங்கும் என்பது தெரிந்துவிடும். தூய வெள்ளையில் இது பளிச்சென்று தெரியும். சாம்பல் நிறமும் புள்ளி போட்டதும் மன்னிக்கும். கறுப்பு குவார்ட்ஸில் கறை தெரியாது, கைரேகையும் தண்ணீர்த் தடமும் தெரியும்.

தடிமன் 20 மி.மீ. வாங்குவது நல்லது. அதைவிட மெல்லியதை எடுத்தால் அடியில் முழுப் பலகைத் தாங்கல் கட்டாயம். முழுப் பலகையின் மேல் மூலைக்கு மூலை ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் பலகை வளைந்திருக்கிறது, எடுக்காதீர்கள்.

படி 4: அளவும் இணைப்பும்

பலகை பொதுவாக 3 மீட்டர் நீளம், 1.4 மீட்டர் அகலம். அதாவது பத்தடிக்கும் சற்றுக் குறைவு. மேடை அதைவிட நீளமானால் அல்லது எல் வடிவமானால் இணைப்பு வரும். வழக்கமான 60 செ.மீ. ஆழத்துக்கு ஒரு பலகையில் இரண்டு துண்டு கிடைக்கும். மீதி 20 செ.மீ. சுவரோரப் பட்டைக்கும் முன்விளிம்புக்கும் ஆகும். பாதிப் பலகைதான் தேவை என்றாலும் பல கடைகள் முழுப் பலகைக்கு விலை போடும். எனவே எப்படி வெட்டப் போகிறார்கள் என்று காகிதத்தில் வரையச் சொல்லிப் பாருங்கள். இணைப்பு சிங்க்குக்கும் அடுப்புக்கும் தள்ளி வரட்டும்.

படி 5: வெட்டும் இடத்தை நீங்களே முடிவு செய்யுங்கள்

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். குவார்ட்ஸ் பலகையில் படிகச் சிலிக்கா, அதாவது குவார்ட்ஸ், 90 சதவீதத்துக்கும் மேல் இருக்கலாம். கிரானைட்டில் பொதுவாக அதில் பாதிகூட இருக்காது. உலர்வெட்டில் பறக்கும் நுண்தூசி நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் நோயைத் தரும். அதற்கு மருந்து இல்லை. இந்தக் கல்லை வெட்டியவர்களுக்கு நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை தேவைப்பட்டதை இஸ்ரேல் மருத்துவர்கள் 2012-லேயே எழுதினார்கள். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்த வகைக் கல்லையே தடை செய்தது.

வீட்டுக்காரர்களால் செய்ய முடிந்தது ஒன்று உண்டு. அடுப்பு, சிங்க், குழாய் மூன்றையும் முன்பே வாங்கி, அவற்றின் அளவைக் கொடுத்துவிடுங்கள். எல்லாத் துளைகளையும் பட்டறையிலேயே, தண்ணீர் பாயும் இயந்திரத்தில் வெட்டி வரச் சொல்லுங்கள். பால்கனியில் உட்கார்ந்து கட்டர் பிடிக்கும் பையனின் வாயில் கட்டிய கைக்குட்டை அந்தத் தூசியைத் தடுக்காது. சிலிக்கா குறைவான புதிய வகைகளும் சந்தைக்கு வந்துள்ளன. கிடைத்தால் அதையே எடுங்கள்.

படி 6: பொருத்தும் நாள்

3 மீட்டருக்கு 60 செ.மீ. துண்டு ஏறத்தாழ 85 கிலோ எடை இருக்கும். அதைச் செங்குத்தாகத்தான் தூக்க வேண்டும். படுக்கவைத்துத் தூக்கினால் நடுவில் முறியும். அடியில் கடப்பா கல்லோ பிளைவுட்டோ எதுவானாலும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சிமெண்ட் குழைத்து ஒட்டும் பழைய வழக்கத்தை இங்கே விட்டுவிடலாம்; சிலிக்கான் பசை போதும். அடுப்புத் துளையின் நான்கு உள்மூலைகளும் வளைவாக இருக்கின்றனவா என்று கையால் தடவிப் பாருங்கள். கூரான மூலையிலிருந்துதான் விரிசல் கிளம்பும்.

படி 7: அன்றாடப் பராமரிப்பு

மென்மையான துணி, வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் போதும். ஆண்டுதோறும் சீலர் அடிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள். இந்தக் கல்லுக்கு அது தேவையில்லை.

மஞ்சள் கறை நம் தனிப் பிரச்சினை. மஞ்சளின் நிறம் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். சோப்பால் துடைத்தும் போகாத இடத்தில் ஆல்கஹால் கலந்த சானிட்டைசரைத் துணியில் நனைத்துத் துடைத்து, உடனே தண்ணீரால் துடையுங்கள். மிச்சத்துக்குச் சமையல் சோடாவைக் குழைத்துப் பத்து நிமிடம் பூசி வைக்கலாம். கத்தி உரசிய சாம்பல் கோடும் இதற்குப் போகும்.

போர் தண்ணீர் உள்ள வீட்டில் குழாயைச் சுற்றி வெள்ளை உப்புப் படியும். இரவில் ஈரத்தை ஒற்றியெடுத்தாலே படியாது. படிந்ததை நீர்த்த வினிகரால் துடைத்துக் கழுவுங்கள். கழிவறை ஆசிட், அடைப்பு நீக்கும் தூள், பெயிண்ட் நீக்கி மூன்றும் பிசினை அரிக்கும். கம்பி நார் பளபளப்பைத் தின்னும்.

மிக்ஸி, கிரைண்டர் வைக்கலாம். மணிக்கணக்கில் சூடாகும் ஓவனுக்கு அடியில் ஒரு மரப்பலகை வேண்டும். விளிம்பில் தேங்காய் உடைப்பதும், பரணில் எட்ட மேடைமேல் ஏறி நிற்பதும் கூடாது.

விளிம்பில் சில்லு பெயர்ந்தால், அந்த நிறத்தில் எபாக்ஸி கலந்து நிரப்பி மெருகேற்றுவார்கள். பெயர்ந்த சில்லையும், துளை வெட்டியபோது மிஞ்சிய துண்டையும் பத்திரமாக வைத்திருந்தால் நிறம் பொருத்துவது சுலபம். வாரண்டி அட்டையில் சூட்டுச் சேதம் விலக்கப்பட்டிருக்கும்; கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.